மேடத்துக்கு ஒரு டீ

செக்கிங் அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. பென்ஷன் ஆபீசில் அந்தப் பேரைக் கூப்பிட்டால் அவளே ஒரு நொடி திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். மற்றபடி தெருவுக்கும் சொந்தபந்தத்துக்கும் அவள் செக்கிங் அக்காதான். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வேலை. பெண்பிள்ளைகள் அந்த வேலைக்கு வருவது அபூர்வமாக இருந்த காலத்தில் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வண்டி ஏறியவள், ஓய்வு வயது வரும்வரை அந்தக் கோட்டைக் கழற்றவில்லை.

அவளிடம் டபாய்த்துவிட்டுப் போனவன் ஒருத்தனும் கிடையாது என்று அவளே சொல்வாள். பீற்றிக்கொள்கிறாள் என்று நினைக்க வேண்டாம், நிஜம்தான். கக்கூசுக்குள் ஒளிந்துகொண்டு எவனாவது இருமினால், இது டிக்கெட் இல்லாத இருமல் என்று வெளியில் நின்றே சொல்லிவிடுவாள். தூங்குகிற மாதிரி நடிப்பவனை எழுப்பவே மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். எவ்வளவு நேரம்தான் நடிப்பான், பாவம்! சொந்தத் தாய்மாமனையே டிக்கெட் இல்லை என்று நடுவழி ஸ்டேஷனில் இறக்கிவிட்டவள் அவள். மாமா அதற்கப்புறம் சாகிறவரை அவள் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை.

பிரயாணிகள் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடித்தவளில்லை. இன்றைக்குத் தண்ணீர் வாங்கிக் குடித்தால் நாளைக்கு அவன் டிக்கெட்டைப் பார்க்கக் கண் கூசும் என்பாள். சரியான பேச்சு. அதை அவள் ரயிலோடு விட்டுவிட்டு வந்ததுதான் பிறகு வந்த அத்தனை அவமானத்துக்கும் காரணம்.

அந்த வேலையில் ஒரு குறை உண்டு. டிக்கெட் பரிசோதகரைக் கண்டு முகம் மலர்ந்த பிரயாணி எங்காவது உண்டா? டிக்கெட் வைத்திருப்பவனே அவளைப் பார்த்தால் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு முறைப்பான். "வாங்க, உட்காருங்க" என்ற வார்த்தையை அவள் பணிக்காலம் முழுக்கக் கேட்டதில்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதுமில்லை. ஆனால் மனசு என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு ஏக்கம் இருந்திருக்கிறது.

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும் கணவர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. அவர் மருந்துக்கடையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். எதற்கெடுத்தாலும் ஒரு கிண்டல். "ரயில்ல ஆயிரம் பேரைப் பிடிச்சவ இப்போ என் ஒருத்தனையே ஆயிரம் தடவை பிடிக்கிறா" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். சிறைப் பார்வையாளர் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்து, வெட்டி அவள் கையில் கொடுத்தவரும் அவர்தான்.

அந்தக் குழுவின் விஷயம் இதுதான். சிறைக்குள் என்ன நடக்கிறது என்று சிறைக்காரர்களே சொல்லிக்கொண்டிருந்தால் அது சொந்தப் பரீட்சைக்குத் தானே மார்க் போட்டுக்கொள்வது மாதிரி. அதனால் சிறைத்துறையோடு ஒட்டும் உறவும் இல்லாத வெளியாட்கள் சிலரை நியமிக்கிறார்கள். சம்பளம் கிடையாது. எந்த நேரமும் சொல்லாமல் கொள்ளாமல் போகலாம். எந்த அறையையும் திறக்கச் சொல்லலாம். எந்தக் கைதியிடமும் காவலரை அப்பால் அனுப்பிவிட்டுத் தனியாகப் பேசலாம். பார்த்ததை எழுதி மேலே அனுப்ப வேண்டும். செக்கிங் அக்காவுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உலகத்தில் உண்டா? குழுவினர் அவள் பழைய உத்தியோகத்தைக் கேட்டதும் கையோடு பெண்கள் சிறையை ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

முதல் தடவை போனபோது அவளுக்கே உள்ளூர நடுக்கம்தான். பெரிய இரும்புக் கதவு, அதற்குள் ஆள் குனிந்து நுழைகிற சின்னக் கதவு. நுழைந்ததும் பினாயில் வாடை. இடது பக்கம் கண்காணிப்பாளர் அறை. கண்காணிப்பாளர் அம்மாள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"வாங்க மேடம், வாங்க! உங்களை மாதிரி அனுபவம் உள்ளவங்க வர்றதுக்கு நாங்க கொடுத்து வச்சிருக்கணும். உட்காருங்க. அந்த ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பும்மா. யாரங்கே, மேடத்துக்கு ஒரு டீ சொல்லு!"

செக்கிங் அக்கா உட்கார்ந்தாள். சாசரோடு பீங்கான் கோப்பையில் டீ வந்தது, கூடவே இரண்டு பிஸ்கட். டீ என்றால் டீ, அப்படி ஒரு டீ. கண்காணிப்பாளர் ரயில் கதைகளைக் கேட்டுச் சிரித்தார். தாய்மாமன் கதைக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு இருவரும் எழுந்து சிறையைச் சுற்றினார்கள். கூடங்களில் மடித்த போர்வைகள் வரிசையாக இருந்தன. குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டியது. குளியலறையில் சோப்பு இருந்தது. "ஏதாவது குறை இருக்காம்மா?" என்று கேட்டால், "இல்லீங்க மேடம்" என்று பெண்கள் ஒரே குரலில் சொன்னார்கள். செக்கிங் அக்கா 'திருப்திகரமாக உள்ளது' என்று எழுதிவிட்டு வந்தாள். அடுத்த முறையும் அப்படித்தான். அதற்கடுத்த முறையும் அப்படித்தான். வீட்டுக்கு வந்து, "ஜெயில்னு பேரு, நம்ம வீட்டைவிடச் சுத்தமா இருக்குங்க" என்று கணவரிடம் சொன்னாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இஸ்திரிக்காரி வந்தாள்.

ஸ்டேஷன் ரோட்டுச் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள் அவள். செக்கிங் அக்காவின் கறுப்புக் கோட்டை வருஷக்கணக்காகத் தேய்த்துக் கொடுத்த கை. அவளுக்கு ஒரு தங்கை உண்டு என்று அக்காவுக்குத் தெரியும். அந்தத் தங்கை சிறையில் இருப்பது மட்டும் அன்றுதான் தெரிந்தது. தினமும் அடித்து உதைத்த புருஷனை ஒருநாள் உலக்கை மாதிரி ஒரு கட்டையால் திருப்பி அடித்துவிட்டாள். அவன் சாகவில்லை. தெம்பாகத்தான் நடமாடுகிறான், இவள்தான் உள்ளே இருக்கிறாள்.

"அக்கா, அவளுக்கு மார்ல கட்டி வந்திருக்காம்" என்றாள் இஸ்திரிக்காரி. "கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு அழுதா. முதல்ல சுண்டைக்காய் அளவு இருந்துச்சாம், இப்போ எலுமிச்சம்பழம் மாதிரி இருக்காம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சாம். எங்கம்மா இதே நோவுலதான் செத்தாங்க. நீங்கதான் உள்ள போறீங்களே, ஒரு தடவை அவளைப் பார்த்து, நீங்க ஒரு வரி எழுதினா அனுப்பிடுவாங்கல்ல?"

"அனுப்பாம என்ன பண்ணுவாங்க! பேரைச் சொல்லு, நாளைக்கே கூப்பிடச் சொல்றேன்."

"ஐயையோ, பேரைச் சொல்லிடாதீங்க. வெளியில வத்தி வச்சிட்டேன்னு அவளைத்தான் போட்டு வறுத்தெடுப்பாங்க. நீங்களா பார்த்துக் கண்டுபிடிச்ச மாதிரி இருக்கணும். சமையல்கட்டுலதான் வேலை பார்க்கிறா. எனக்கும் அவளுக்கும் ஒரே மூஞ்சி. பார்த்ததும் தெரிஞ்சிடும்கா."

"ஒளிஞ்சிருக்கிறவனையே பிடிச்சவ நான். கண்ணுக்கு எதிர்ல இருக்கிறவளைப் பிடிக்க மாட்டேனா? நீ தைரியமா போ" என்றாள் செக்கிங் அக்கா.

மறுநாளே போனாள். கண்காணிப்பாளர் எழுந்தார், ஃபேன் திரும்பியது, டீ வந்தது. குடித்துவிட்டு நேராகச் சமையல்கட்டுக்குப் போனாள். அங்கே நாலைந்து பெண்கள் காய் நறுக்கிக்கொண்டும் அண்டா கழுவிக்கொண்டும் இருந்தார்கள். ஒருத்தி முகத்திலும் இஸ்திரிக்காரியின் சாயல் இல்லை. "சமையலுக்கு இவ்வளவு பேர்தானா?" என்று கேட்டாள். "இவ்வளவு பேர்தான் மேடம்" என்றார் கண்காணிப்பாளர். "யாருக்காவது உடம்புக்கு முடியலையா?" என்று பொதுவாகக் கேட்டாள். பெண்கள் தரையைப் பார்த்தார்கள். பக்கத்தில் காவலர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அவரை வெளியே போகச் சொல்லச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் இவ்வளவு மரியாதையாக நடத்துகிறவர்களை முகத்துக்கு நேரே வெளியே போ என்பதா என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சப்பட வேண்டிய இடத்தில் படாமல், படக்கூடாத இடத்தில் பட்டாள்.

சலவைக் கடைக்கு வந்து சொன்னாள். "பார்த்தேம்மா. அப்படி யாரும் சமையல்கட்டுல இல்லையே."

"இருக்காக்கா. அங்கேதான் வேலைன்னு அவளே வாயால சொன்னா."

"உள்ள எல்லாம் நல்லாத்தான் வச்சிருக்காங்க. உன் தங்கச்சி கொஞ்சம் கூட்டிச் சொல்றாளோ என்னமோ. உள்ள அடைஞ்சு கிடக்கிறவங்களுக்கு வெளிக்காத்துப் பட ஆசை இருக்கத்தானே செய்யும்? ஆஸ்பத்திரின்னா ஒரு நாள் வெளியே வரலாம்ல."

இஸ்திரிக்காரி கையிலிருந்த சட்டையின் காலரைத் தேய்த்தாள். தேய்த்த காலரையே மறுபடி தேய்த்தாள். "எங்க அம்மாவும் முதல்ல இப்படித்தான் சொன்னாங்க, யாரும் நம்பலை" என்று மட்டும் சொன்னாள்.

அந்த முகத்தைப் பார்த்த பிறகு செக்கிங் அக்காவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கொஞ்ச நாளில் மறுபடி போனாள். இந்த முறை சாமர்த்தியமாக, விடிந்தும் விடியாமலும் போனாள். அவர்கள் எதிர்பாராத நேரமல்லவா! எதிர்பாராத நேரத்தில் போனவள் நேரே எங்கே போனாள்? கண்காணிப்பாளர் அறைக்குத்தான். கையெழுத்துப் போட அங்கேதானே போக வேண்டும். போட்டுவிட்டு உட்கார்ந்தாள். "இவ்வளவு காலையிலேயா மேடம்? ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்களே" என்று கண்காணிப்பாளர் அங்கலாய்த்தார். டீ வந்தது, குடித்தாள். சமையல்கட்டுக்குப் போனாள், அதே நாலைந்து பெண்கள். ஒவ்வொரு கூடமாக முகம் முகமாகப் பார்த்தாள். இஸ்திரிக்காரியின் முகம் எங்கும் இல்லை. பிறகும் சில மாசம் போய்ப் போய்ப் பார்த்தாள், டீ தவறாமல் வந்தது, அந்த முகம் மட்டும் கிடைக்கவில்லை. இதைக் கேட்கிறவர்களுக்கு அவள்மேல் ஆத்திரம் வரும். வரட்டும், அவளுக்கே பிறகு வந்தது.

ஒருநாள் வீட்டுக்கு வந்து கணவரிடம் புலம்பினாள். "மூஞ்சி மூஞ்சியாப் பார்த்துட்டேங்க. இல்லவே இல்ல. காத்துல கரைஞ்சா போயிட்டா?"

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நீ உள்ள போனதும் முதல்ல என்ன பண்ணுவே?"

"ஆபீஸ் ரூம்ல கையெழுத்துப் போடுவேன்."

"அப்புறம்?"

"ஒரு டீ கொடுப்பாங்க."

"டீ எங்கேர்ந்து வருது, வெளிக் கடையிலேர்ந்தா?"

"இல்லைங்க, உள்ள சமையல்கட்டுலேர்ந்துதான். புதுசாப் போட்டுக் கொண்டு வருவாங்க. ஆறிப்போனதை எல்லாம் எனக்குக் கொடுக்க மாட்டாங்க."

கணவர் வாய்விட்டுச் சிரித்தார். "அடிப்பாவி! நீ வந்திருக்கிற சேதி முதல்ல அடுப்புக்குத் தெரியும், அப்புறம் பாலுக்குத் தெரியும், அப்புறம் சர்க்கரைக்குத் தெரியும், ஜெயில் பூராவும் தெரிஞ்ச பிறகு கடைசியா நீ கிளம்புவியா? ரயில்ல ஏறினதும் இன்ஜின் டிரைவர்கிட்ட உட்கார்ந்து டீ குடிச்சிட்டுத்தான் பெட்டிக்குப் போவியாக்கும்?"

அவர் வழக்கம்போலக் கிண்டலுக்குத்தான் சொன்னார். ஆனால் அவளுக்குச் சுருக்கென்றது. பரிசோதகர் ஒரு பெட்டியில் கால் வைத்தால் அடுத்த மூன்று பெட்டிக்குச் சேதி ஓடும், டிக்கெட் இல்லாதவன் எல்லாம் பின்னால் நகர்ந்துகொண்டே போவான் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரிந்ததால்தானே எந்த ஸ்டேஷனில் ஏறுவாள், எந்தப் பெட்டியில் ஏறுவாள் என்று யாருக்கும் சொல்லாமல் காலத்தை ஓட்டினாள்? அப்பேர்ப்பட்டவள், பால் காய்ந்து, டீத்தூள் போட்டு, கொதித்து, வடிகட்டி வருகிற நேரத்தைத் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்திருக்கிறாள். ஒரு தடவையல்ல, போன தடவையெல்லாம். எதற்காக? யாரோ எழுந்து நின்று மேடம் என்று கூப்பிட்டதற்காக. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "என்ன, பேச்சையே காணோம்?" என்றார் கணவர். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் கண்காணிப்பாளர் அறையில் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டாள்.

"உட்காருங்க மேடம். டீ சொல்லியாச்சு."

"சொன்னவங்களே குடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள்.

"மேடம், ஒரு நிமிஷம், ஒரே ஒரு வாய்..." என்று கண்காணிப்பாளர் பின்னால் வந்தார். செக்கிங் அக்கா திரும்பவில்லை. ஓடுகிற ரயிலில் நடந்து பழகிய கால், அதைத் துரத்திப் பிடிக்க அந்த அம்மாளால் முடியவில்லை.

முதல் கூடத்தில் நுழைந்தாள். வெறும் சிமெண்டுத் தரையில் பெண்கள் படுத்துக் கிடந்தார்கள். ஒரு போர்வை கிடையாது. குழாயைத் திறந்தாள், காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. மூலையில் ஒரே ஒரு வாளித் தண்ணீர், அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர். அவளைப் பார்த்து எல்லோரும் வெலவெலத்துப் போனார்கள். ஒரு வயசான கைதி வாய் தவறிக் கத்திவிட்டாள்.

"ஐயோ, டீயம்மா வந்துட்டாங்க! இன்னும் டீயே போகலையேடி!"

டீயம்மா! உள்ளே அவளுக்கு அதுதான் பேர். தாய்மாமனை இறக்கிவிட்டவளுக்கு, ஊரெல்லாம் நடுங்கிய செக்கிங் அக்காவுக்கு, சிறைக்குள் வைத்திருந்த பேர் டீயம்மா. மேடத்துக்கு டீ என்று சமையல்கட்டுக்குச் சேதி வந்தால் பூட்டிய அறையிலிருந்து போர்வைகள் வெளியே வரும். தண்ணீர்த் தொட்டியின் வால்வு திறக்கும். குளியலறைக்குச் சோப்பு போகும். வாயைத் திறந்து பேசக்கூடியவர்களைப் பின்பக்கத்துக் கிடங்கில் மூட்டை அடுக்க அனுப்பிவிடுவார்கள். கோப்பை காலியாகத் திரும்பி வந்தால் டீயம்மா சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிட்டாள் என்று அர்த்தம். வயசான கைதி இதையெல்லாம் பயத்தில் உளறிக்கொட்டினாள். செக்கிங் அக்காவுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. ஆனால் நின்று வெட்கப்பட நேரமில்லை. சமையல்கட்டை நோக்கி நடந்தாள்.

அங்கே அடுப்புக்கு முன்னால் இஸ்திரிக்காரியின் முகம் நின்றுகொண்டிருந்தது. அதே அகன்ற நெற்றி, அதே வாய். கொஞ்சம் இளைத்துக் கறுத்த முகம். இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு வலது கையால் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். பாத்திரத்தில் டீ கொதித்துக்கொண்டிருந்தது.

செக்கிங் அக்கா காவலரிடம் திரும்பினாள். "நீங்க வெளியே போய் நில்லுங்க. கதவைச் சாத்திட்டுப் போங்க."

காவலர் கண்காணிப்பாளரைத் தேடிப் பார்த்தார். அவர் இன்னும் வந்து சேரவில்லை. வேறு வழியில்லாமல் வெளியே போனார்.

"கட்டி எங்கேம்மா?" என்று கேட்டாள் செக்கிங் அக்கா.

அந்தப் பெண் கரண்டியைக் கீழே வைத்தாள். அக்காவின் கையைப் பிடித்துத் தன் இடது மார்பில் வைத்தாள். ரவிக்கைத் துணிக்கு அடியில் கல் மாதிரி இருந்தது. எலுமிச்சம்பழம் எல்லாம் எப்போதோ தாண்டிவிட்டிருந்தது.

அதற்கப்புறம் கண்காணிப்பாளர் அறையில் நடந்தது பெரிய சண்டையும் இல்லை. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகக் காவலுக்குப் போலீஸ் வரணும் மேடம். கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன், ஆள் இல்லைங்கறாங்க. வியாதின்னு வெளியே தெரிஞ்சா ஏன் அனுப்பலைன்னு என் கழுத்தைத்தான் பிடிப்பாங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?" என்றார் அவர். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. செக்கிங் அக்கா, "என்ன பண்ணணுமா? நாலு பேர் முன்னாடி உண்மையைச் சொல்லியிருக்கணும்!" என்று சீறினாள்.

கண்காணிப்பாளர் அவள் கையெழுத்துப் போடும் நோட்டை அவள் பக்கம் தள்ளினார். "நீங்களும்தானே மேடம் ஒவ்வொரு தடவையும் திருப்தின்னு எழுதினீங்க?" என்றார்.

செக்கிங் அக்கா நோட்டை மூடி வைத்தாள். குழுத் தலைவருக்குப் போன் போட்டாள், தலைவரை விட்டு மேலிடத்துக்குப் போடச் சொன்னாள், போலீஸ் வேன் வரும்வரை இங்கிருந்து நகர மாட்டேன் என்று அறை நடுவில் நின்றாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. சாயங்காலம் வேன் வந்தது.

ஆபரேஷன் நடந்தது. ஒரு பக்கத்து மார்பை முழுதாக எடுத்துவிட்டார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண், மூடி மறைக்கத் தெரியாதவள். "உயிருக்கு இப்போதைக்குப் பயமில்லை. ஆனா சில மாசம் முன்னாடி வந்திருந்தா கட்டியை மட்டும் எடுத்திருப்போம்" என்றாள். சில மாசம் முன்னாடி. இஸ்திரிக்காரி தன்னிடம் வந்து அழுததும் சில மாசம் முன்னாடிதான் என்று செக்கிங் அக்கா நினைத்துக்கொண்டாள்.

குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று டீ விஷயத்தை ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள். ராஜினாமாக் கடிதத்தையும் நீட்டினாள். "அட, விடுங்கம்மா, நாங்க மட்டும் என்ன, போற இடத்துல கொடுத்தா குடிக்கத்தான் செய்யறோம்" என்று மற்றவர்கள் ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதல் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. விட்டு ஓடுவது சுலபம், இனிமேல் ஒழுங்காகப் பார் என்று தலைவர் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். இனிமேல் உள்ளே பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். நல்ல முடிவுதான். அந்தப் பெண்ணுக்கு இனி அதனால் என்ன?

கொஞ்ச நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். போக வேண்டாம் என்று கால் பின்னால் இழுத்தது. போகாமல் இருந்தால் இன்னும் கேவலம் என்று போனாள். கைதிகளுக்கான அறை, வாசலில் ஒரு காவலர். கட்டிலில் அந்தப் பெண் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மார்பைச் சுற்றிப் பெரிய கட்டு. பக்கத்தில் இஸ்திரிக்காரி ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். செக்கிங் அக்காவைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெய்வமா வந்தீங்கக்கா! நீங்க மட்டும் அன்னிக்கு அப்படி நுழையலைன்னா இவ இன்னிக்கு இல்ல."

"அப்படிச் சொல்லாதேம்மா. நான் முன்னாடியே நுழைஞ்சிருக்கணும். அங்கே உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டிருந்தேன்."

"அதனால என்னக்கா, உங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்க அவ்வளவு சாமர்த்தியமா மறைச்சா நீங்க என்ன பண்ணுவீங்க!" இஸ்திரிக்காரி கையை விடாமல் ஆட்டினாள்.

கட்டிலில் இருந்தவள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த டீயை நான்தாம்மா போடுவேன்" என்றாள்.

"தெரியும்மா. அன்னிக்கு உன்னைப் பார்த்தேனே."

"அன்னிக்கு மட்டும் இல்ல. எல்லாத் தடவையும் நான்தான். என் கைப்பக்குவம் நல்லா இருக்கும்னு சூப்பிரண்டு அம்மா என்னைத்தான் போடச் சொல்வாங்க. போட்டு முடிச்சதும் கிடங்குக்கு ஓட்டிடுவாங்க. எங்கக்கா உங்ககிட்ட சொல்லிட்டேன்னு சொன்னப்புறம் நீங்க எப்போ வருவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒருநாள் விடியக்காலையில வந்தீங்கல்ல? அன்னிக்கு டீயில உப்பைப் போட்டேன்."

செக்கிங் அக்கா கட்டிலுக்குக் கிட்டப் போனாள்.

"கொஞ்சமா இல்லம்மா, ஒரு கை அள்ளிப் போட்டேன். வாயில வச்சதும் துப்பிடுவீங்க, எவ போட்டா இதை, கூப்பிடு அவளைன்னு கத்துவீங்க, என்னைக் கொண்டாந்து உங்க முன்னாடி நிறுத்துவாங்கன்னு நினைச்சேன். அடி விழுந்தாலும் பரவாயில்லைன்னுதான் போட்டேன். கிடங்குல உட்கார்ந்து காலடிச் சத்தம் வருதான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். யாரும் வரலை. அப்புறம் வந்து பார்த்தா கோப்பை காலியா இருந்துச்சு."

அவள் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "உப்பு தெரியலையாம்மா?"

"வயசாச்சுல்லடி. நாக்குக்கு ருசி தெரிஞ்சிருக்காது" என்று இஸ்திரிக்காரி முந்திக்கொண்டு சொன்னாள். அக்காவின் கையை இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். விஷயம் அதோடு முடிந்துவிடும். செக்கிங் அக்காவுக்கு அந்தக் காலை நன்றாக நினைவிருந்தது. முதல் வாயிலேயே குமட்டிக்கொண்டு வந்தது. எதிரில் கண்காணிப்பாளர் அவ்வளவு பிரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். துப்பினால் அவர் முகம் வாடிவிடுமே, இவ்வளவு மரியாதை கொடுக்கிறவரிடம் குறை சொல்வதா, ஒரு வேளை இனிமேல் இப்படி எழுந்து நிற்க மாட்டாரோ என்று ஏதேதோ ஓடியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடித்தாள். "டீ ரொம்பப் பிரமாதம்" என்றுகூடச் சொன்னாள்.

"தெரிஞ்சுதும்மா" என்றாள் செக்கிங் அக்கா. "தெரிஞ்சுதான் குடிச்சேன்."

இஸ்திரிக்காரி அவள் கையை விட்டுவிட்டாள்.